இரண்டாம் முறை கேட்காத ஊர்

நீளமான மண்டபம். கறுத்த மரச் சுவர்கள் முழுக்க, எப்போதோ இறந்துபோன நீதிபதிகளின் குடும்பச் சின்னங்கள். கரண்டிகள் பீங்கானில் படும் சத்தம் கூரைவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

எனக்கு எதிரே இருந்தவர் மிஸ்டர் ஆஷ்வெல். பெயர் பெற்ற பாரிஸ்டர். சட்டம் படிக்கும் எங்களோடு அமர்ந்து சாப்பிட அன்று வந்திருந்தார். உப்புக் குப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, மழையைப் பற்றிப் பேசும் குரலில் கேட்டார்.

"ஈஸ்டர் விடுமுறையில் ஒரு கிழமை முழுக்க எங்கள் சேம்பர்ஸுக்கு வந்து பாருங்களேன். எனக்கு ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. என்னோடு கோர்ட்டுக்கு வரலாம்."

நான் சிரித்தேன். "ஐயோ, வேண்டாம். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம்?"

"அப்படியா? சரி," என்றார் அவர். சூப்பைக் குடித்தார்.

அந்த நாட்களில் நான் எல்லாவற்றையும்விட அதிகமாக விரும்பிய ஒன்று அந்த ஒரு மிடறு சூப்போடு கீழே இறங்கிப் போய்விட்டது. அது எனக்குத் தெரியவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்பார் என்று, கரண்டியைக் கையில் பிடித்தபடி, முகத்தில் வெட்கத்தோடு காத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுப் பாஸ் பண்ணும் படிப்பு

போன கிழமை இந்தப் பத்தியில் வந்த என் பல்கலைக்கழகக் கதையைப் படித்த, செவன் கிங்ஸில் இருக்கும் சித்தி தொலைபேசியில் கூப்பிட்டு, "உதெல்லாம் சரி, சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லையே!" என்று குறைப்பட்டார். சித்தி, இந்தக் கிழமை முழுக்கச் சாப்பாடுதான்.

இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. தாங்கள் சேர்ந்த பாரிஸ்டர் சங்கத்தின் மண்டபத்துக்குப் போய் இத்தனை தடவை இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கவும் வேண்டும். பல நூற்றாண்டு வழக்கம். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நீள வாங்கில் நான்கு நான்கு பேராக அமர வேண்டும். நால்வருக்கும் சேர்த்து ஒரு பாத்திரத்தில் உணவு வரும், நால்வருக்கும் சேர்த்து வைன் வரும். மூத்தவர்கள் எழும்பும்வரை யாரும் எழும்பக் கூடாது.

இதை நான் வீட்டில் விளக்கியபோது அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டார். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்த மெஷின் காலையிலிருந்து ஓடும். யாரோ ஒரு முதலாளியின் பாவாடைகளுக்கு அம்மா ஜிப் தைத்துக்கொண்டிருப்பார்.

"சாப்பிட்டாத்தான் பாஸோ?"

"ஓம் அம்மா."

"அப்ப உன்ரை கொப்பரும் பாரிஸ்டர்தான்."

சாப்பிட்டபடியே அப்பா தலையாட்டினார். "எனக்கு எப்பவோ பட்டம் தந்திருக்கவேணும்."

நான் வைன் குடிப்பதில்லை. இந்தச் சின்ன விஷயம் அந்த மண்டபத்தில் என்னைப் பெரிய ஆளாக்கியது. நால்வருக்கு வரும் வைனில் ஒருவர் குடிக்காவிட்டால் மற்ற மூவருக்கும் பங்கு கூடும் அல்லவா? முதல் கிழமையே கண்டுபிடித்துவிட்டார்கள். கதவில் என் தலை தெரிந்ததும், "இங்கே வா, இங்கே இடம் இருக்கிறது!" என்று மூன்று வாங்குகளிலிருந்து கை அசையும்.

அப்படி அசைந்த கைகளில் ஒன்று ஹியூகோவுடையது. உயரமானவன், எப்போதும் சட்டைக் கழுத்து கசங்கியிருக்கும், நல்லவன். எட்டு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவன். அவன் தகப்பன், தகப்பனின் தகப்பன் எல்லாரும் அதே பள்ளி. ஒப்பந்தச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பான். நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கூச்சப்படுவதற்கு எங்கள் வீட்டில் எனக்கு முன்னே படித்தவர்கள் யாரும் இல்லை.

ஆனால் பரீட்சை வேறு, தொழில் வேறு. பரீட்சை முடிந்ததும் ஏதாவது ஒரு சேம்பர்ஸில், அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்தில், ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பட்டத்தைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டலாம். இடங்களோ மிகக் குறைவு. ஒரு கிழமை அங்கே போய் ஒரு பாரிஸ்டரின் பின்னால் நடந்திருந்தால், உங்கள் முகமாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹியூகோ மாதிரியானவர்களுக்கு அந்த ஒரு கிழமையைத் தர மாமாக்கள் இருந்தார்கள். எனக்கும் மாமாக்கள் இருந்தார்கள். ஒருவர் பெற்றோல் ஸ்டேஷனில், ஒருவர் சவுத்தாலில் மரக்கறிக் கடையில்.

ஆஷ்வெல் கேட்டது அந்த ஒரு கிழமையைத்தான்.

எங்கள் வீட்டு "வேண்டாம்"

ஆங்கிலேயர் யாராவது இதைப் படிப்பதானால் விளக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த காட்சி இது.

எங்கள் வீட்டுக்கு யாராவது வருவார்கள். குளிரில் மூக்குச் சிவந்திருக்கும். கோட்டைக் கழற்ற மாட்டார்கள்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்பார் அம்மா.

"ஐயோ வேண்டாம் அக்கா. இப்பதான் குடிச்சிட்டு வாறம்."

கேத்தல் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்.

"ஒரு வாய் குடியுங்கோவன்."

"சீச்சீ, உங்களுக்கு ஏன் கரைச்சல்?"

"எங்களுக்கென்ன கரைச்சல், குடியுங்கோ."

"சரி, நீங்கள் விடமாட்டியள். சீனி கொஞ்சம் கூடப் போடுங்கோ."

இத்தனையும் முடிந்த பிறகுதான் கோட்டைக் கழற்றுவார்கள். முதல் தடவையே "ஓம்" என்று சொல்லும் விருந்தாளியை நான் எங்கள் வீட்டில் கண்டதில்லை. அப்படி ஒருவர் வந்திருந்தால், அவர் போன பிறகு அம்மா அவரைப் பற்றி ஒரு கிழமை கதைத்திருப்பார்.

ஆகவே மண்டபத்திலிருந்து வந்து நடந்ததைச் சொன்னபோது, வீட்டில் எனக்குப் பாராட்டுத்தான் கிடைத்தது.

"நல்ல வேலை செய்தாய்," என்றார் அம்மா. "கேட்ட உடனை ஓமெண்டு பாஞ்சா, அலையிறம் எண்டெல்லோ நினைப்பினம்."

"அவர் பெரிய மனுசன்," என்றார் அப்பா. "பிள்ளை வெக்கத்திலை சொல்லுது எண்டு அவருக்கு விளங்காதே? திருப்பிக் கேப்பார், பார்."

நாங்கள் காத்திருந்தோம். உண்மையாகவே காத்திருந்தோம். தொலைபேசி அடித்தால் அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுப்பேன். மறுமுனையில் சித்தி, ஊறுகாய்ப் போத்தலைத் திருப்பித் தரச் சொல்லி.

ஈஸ்டர் வந்தது, போனது.

தட்டு நகர்ந்துவிடும்

அடுத்த படிப்புத் தவணையின் முதல் சாப்பாட்டில் ஹியூகோ என் பக்கத்தில் இருந்தான். என் பங்கு வைனைத் தன் கிளாஸில் ஊற்றியபடி சொன்னான்.

"நீயும் வந்திருக்க வேண்டும். ஆஷ்வெல் குறுக்கு விசாரணை செய்தால் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்."

"நீ எப்போது பார்த்தாய்?"

"ஈஸ்டர் விடுமுறையில். ஒரு கிழமை அவரோடு இருந்தேன்."

"அவர் உன்னைக் கேட்டாரா?"

"இல்லை. நான் அவரைக் கேட்டேன். நீ வேண்டாம் என்று சொன்னாயே. இடம் சும்மாதானே இருந்தது?"

அவன் முகத்தில் கள்ளம் தேடினேன். ஒரு துளியும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைத் தந்தது.

"நான் வேண்டாம் என்று சொன்னது வேண்டாம் என்பதால் இல்லை," என்றேன்.

"பிறகு எதற்கு?"

"மரியாதைக்கு."

"யாருக்கு மரியாதை?"

"அவருக்குத்தான்."

"அது அவருக்குத் தெரியுமா?"

உருளைக்கிழங்குப் பாத்திரம் வந்தது. ஹியூகோ தனக்கு வேண்டிய அளவு அள்ளிவிட்டு, பாத்திரத்தை என்னிடம் தராமல் கையில் பிடித்துக்கொண்டான்.

"எங்கள் பள்ளியில் இதைவிட நீளமான மேசை. பாத்திரம் ஒரு முனையிலிருந்து வரும். முதல் நாள், அம்மா வீட்டில் சொல்லித் தந்தபடி, 'வேண்டாம், நன்றி' என்று சொன்னேன். பாத்திரம் அடுத்தவனிடம் போய்விட்டது. திரும்பி வரவில்லை. எட்டு வயது. பசித்தது. அடுத்த நாளிலிருந்து எடுத்துக்கொண்டேன்."

அதற்குப் பிறகு பாத்திரத்தை என்னிடம் தந்தான்.

பணக்காரப் பள்ளிகளைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது லத்தீனையும் புல்வெளிகளையும் சொல்வார்கள். என் பள்ளிக்கூடத்தில் புல்வெளி இல்லை. தார் போட்ட முற்றமும், மழை பெய்தால் ஒழுகும் விஞ்ஞான அறையும் இருந்தன. லத்தீன் இல்லாததால் நான் எந்த வழக்கிலும் குறைந்துபோகவில்லை. எனக்கு இல்லாமல் இருந்தது வேறு. வருகிற பாத்திரத்தை நோக்கி, யோசிக்காமல், வெட்கப்படாமல், கையை நீட்டுவது. அவர்களுக்கு அது அறிவாகத் தெரிவதில்லை. மூச்சு விடுவது போல் இருக்கிறது. சம வாய்ப்பு என்று கதவில் எழுதி வைத்தாலும், உள்ளே பாத்திரம் ஒரு தடவைதான் சுற்றி வரும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அவை திருப்பிக் கேக்க மாட்டினம் அம்மா. ஒருக்காத்தான் கேப்பினம்."

அம்மாவால் நம்ப முடியவில்லை. "சாப்பாட்டுக்குமோ?"

"சாப்பாட்டுக்கும்தான்."

"அப்ப உந்த நாட்டிலை எல்லாரும் அரை வயித்தோடதான் திரியினம்," என்றார் அம்மா, இரக்கத்தோடு.

வாசல் படியில்

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அது நல்ல கோபம். காலையில் எழுப்பிவிடும் வகை.

ஒரு பின்னேரம், பாரிஸ்டர்களின் சேம்பர்ஸ்கள் கூடியிருக்கும் டெம்பிள் என்ற இடத்துக்குப் போனேன். கல் பாவிய முற்றங்கள், ஒவ்வொரு வாசலிலும் பாரிஸ்டர்களின் பெயர்களைக் கையால் எழுதிய பலகைகள். ஆஷ்வெல்லின் பெயர் மேலே இருந்து மூன்றாவது. வாசல் படியில் நின்றேன். கோர்ட் முடிந்து அவர் வந்தார். கக்கத்தில் ரோஸ் நிற நாடாவால் கட்டிய வழக்குக் கட்டுகள்.

"மிஸ்டர் ஆஷ்வெல், என்னை நினைவிருக்கிறதா? மண்டபத்தில் ஒன்றாகச் சாப்பிட்டோம்."

"வைன் குடிக்காதவர்," என்றார் உடனே.

"நீங்கள் ஒரு கிழமை வரச் சொன்னீர்கள். நான் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் முதல் தடவை அப்படித்தான் சொல்வோம். கேட்டவர் திரும்பவும் கேட்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை."

அவர் கட்டுகளை மறு கக்கத்துக்கு மாற்றினார். "எத்தனை தடவை கேட்டிருக்க வேண்டும்?"

"குறைந்தது இன்னும் இரண்டு."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மன்னிக்க வேண்டும். ஆனால் அந்தக் கிழமை போய்விட்டதே."

"தெரியும். அதைக் கேட்டு வரவில்லை. உங்கள் சேம்பர்ஸில் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அந்த இடம் எனக்கு வேண்டும்."

அவர் முகம் கோர்ட் முகமாக மாறியது. "தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன். என்னால் எந்த உதவியும் செய்ய முடியாது. இந்த வருடத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே கேள்விகள்தான் என்று முடிவெடுத்திருக்கிறோம். சம வாய்ப்பு."

"உதவி வேண்டாம்," என்றேன். "இது உண்மையான வேண்டாம். எனக்கு விருப்பம் இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் தலையசைத்தார். நான் நடந்தேன்.

தாளில் இல்லாத கேள்வி

அந்த வருடம் அங்கே ஒரே ஓர் இடம்தான். ஹியூகோவும் விண்ணப்பித்திருந்தான்.

நேர்காணல் அறையில் மூன்று பேர். ஆஷ்வெல், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பாரிஸ்டர், நடுவில் சேம்பர்ஸின் தலைவர், வெண்தலை முதியவர். மூவர் முன்னும் ஒரே மாதிரித் தாள். அந்தப் பெண்தான் கேள்விகளைக் கேட்டார். ஒரு வழக்கைத் தந்து, கடைக்காரர் பக்கம் வாதாடச் சொன்னார்கள். வாதாடினேன். முதியவர் மடக்கினார். நான் மடங்கவில்லை. மடக்க மடக்க எனக்கு உற்சாகம் ஏறியது. ஆஷ்வெல் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போது முதியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம், மிஸ் கணபதி?"

அந்தப் பெண் சட்டென்று தன் தாளைப் பார்த்தார். அது தாளில் இல்லை.

இந்தக் கேள்வியை ஆங்கிலேயர் கண்டுபிடிக்கவில்லை. லண்டனில் எத்தனை தமிழ்க் கலியாணங்களில் நான் இதைக் கேட்டிருக்கிறேன்! ஊரின் பெரிய கல்லூரிகளுக்கெல்லாம் இங்கே பழைய மாணவர் சங்கங்கள் உண்டு, கழுத்துப் பட்டி உண்டு, வருடாந்த விருந்து உண்டு. இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வசனம், "நீங்கள் எவடம், எந்தப் பள்ளிக்கூடம்?" பள்ளிக்கூடம் தெரிந்தால் ஊர் தெரியும், ஊரில் எந்தப் பக்கம் என்று தெரியும், அதிலிருந்து சாதி தெரியும்.

அப்பாவுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் உள்ளே விடவில்லை. லண்டனுக்கு வந்து, ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து, சொந்த வீட்டில் இருக்கிறவர், அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பயந்தார். கலியாண மண்டபத்தில் யாராவது கேட்டால், "யாழ்ப்பாணந்தான்," என்பார். "பொறுங்கோ, தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்." தேத்தண்ணி எடுக்கப் போனவர் கடைசிவரை வேறு மேசையில் இருப்பார். நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். பன்னிரண்டு வயதில் நானும் அப்படிச் சமாளித்திருக்கிறேன்.

முதியவரைப் பார்த்தேன். அவர் இளக்காரமாகக் கேட்கவில்லை. பழக்கத்தில் கேட்டார். பழக்கம்தான் மற்றவர்களை வாசலில் நிறுத்துவது.

"ஈஸ்ட் ஹாமில் ஒரு கவுன்சில் பள்ளிக்கூடம்," என்று பெயரையும் சொன்னேன். "எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். என் அப்பா ஒரு நாளும் போகவில்லை. இந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்கிறீர்களா?"

அறையில் யாரோ தாளைப் புரட்டினார்கள்.

"இல்லை," என்றார் முதியவர், நேர்மையாக. "கேட்கத் தேவை வந்ததில்லை. மற்றவர்களுடைய பள்ளி எனக்கு முதலே தெரியும்."

"அப்படியானால் இப்போது என்னுடையதும் தெரியும்."

அந்தப் பெண் குனிந்து ஏதோ எழுதினார். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தார் என்று பிறகு ஒருநாள் அவரே சொன்னார்.

முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாம் கடைக்காரரிடமே திரும்புவோம்," என்றார். இன்னும் அரை மணித்தியாலம் இருவரும் சண்டை பிடித்தோம்.

அப்பாவின் கேள்வி

அடுத்த நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. அம்மா மெஷினை நிறுத்தினார். அப்பா பின்னேர ஷிப்டுக்கு வெளிக்கிட்டு, மாடிப்படியில் அமர்ந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆஷ்வெல் பேசினார். ஒக்டோபரில் பயிற்சிக்கு வரச் சொன்னார். நான் "நன்றி, வருகிறேன்," என்று சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஹியூகோ தெருவில் விழுந்துவிடவில்லை. இரண்டு வாசல் தள்ளி இருந்த அவனுடைய ஞானத்தகப்பனின் சேம்பர்ஸ் அவனை எடுத்துக்கொண்டது.

"கிடைச்சிட்டுது," என்றேன்.

அம்மா கையெடுத்துச் சாமிப் படத்தைக் கும்பிட்டார். பிறகு என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "எடி, என்ரை பிள்ளை, எடி," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எழும்பவில்லை. ஒரு காலில் சப்பாத்து, மறு கால் வெறும் சொக்ஸ்.

"என்னென்ன கேட்டவை?"

"வழக்கு ஒண்டு தந்தவை. வாதாடினன். பிறகு எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேட்டவை."

அப்பா நிமிர்ந்தார். "என்ன சொன்னனீ?"

"உள்ளதைச் சொன்னன். பள்ளிக்கூடத்தின்ரை பேரைச் சொன்னன். நீங்கள் பள்ளிக்கூடம் போகேல்லை எண்டதையும் சொன்னன்."

"என்னையுமோ?"

"ஓம் அப்பா."

அவர் கையில் இருந்த மற்றச் சப்பாத்தைப் பார்த்தார். நான் அவரை நோகடித்துவிட்டேனோ என்று ஒரு கணம் பயந்தேன்.

"சொல்லியும் இடம் தந்தவையோ?" என்று கேட்டார்.

"சொல்லியும் தந்தவை."

அப்பா சப்பாத்தைக் கீழே வைத்தார். இங்கே வந்த நாளிலிருந்து அவர் ஒரு ஷிப்டுக்கும் பிந்திப் போனதில்லை. அன்றைக்கு அந்தப் படியிலேயே இருந்தார். அவர் ஏறவேண்டிய பஸ் வந்து, நின்று, போகும் சத்தம் முன்னறைவரை கேட்டது.